தொட்டிக்குள் சரியாகத்தான் இருந்தது

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கல்லூரியில் சில வருடம் இயற்பியல் நடத்தியிருந்தாள். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. யாராவது ஒன்று கேட்டால் வாய் திறப்பதற்கு முன்பே கை பலகையைத் தேடும். பலகை இல்லாத இடத்தில், சாப்பாட்டு மேஜையில் சிந்திய தண்ணீரைத் தொட்டாவது படம் போட்டுவிடுவாள். கேட்டவர் கைகழுவுகிற சாக்கில் எழுந்து ஓடிய கதையும் உண்டு.

செயற்கைக்கோளைத் தள்ளுகிற மின்சார த்ரஸ்டருக்குள் பிளாஸ்மா எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவளுடைய வேலை. த்ரஸ்டர் பார்வைக்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் உலோக உருளை, அதன் முகத்தில் வளையமாக ஒரு பள்ளம், அவ்வளவுதான். பள்ளத்துக்குள் செனான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால் அணுக்கள் உடைந்து எலக்ட்ரான் வேறு அயனி வேறாகப் பிரியும். அந்தக் கலவைதான் பிளாஸ்மா. எலக்ட்ரான்களைக் காந்தம் பள்ளத்தின் வாயிலேயே வேலி போட்டு நிறுத்தி வைக்கும். கனமான அயனிகள் வேலியைச் சட்டை செய்யாமல் வெளியே பாயும். அந்தப் பாய்ச்சலின் எதிர்த்தள்ளலில் செயற்கைக்கோள் நகரும். உள்ளங்கையில் வைத்த இரண்டு மூன்று தாள் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான் தள்ளும். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் தள்ளும்.

சிக்கலெல்லாம் அந்த வேலியில்தான். பாடப் புத்தகத்துக் கணக்குப்படி எலக்ட்ரான்கள் வேலியைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகத்தான் கசிய வேண்டும். நிஜத்தில் அதைப்போலப் பல மடங்கு கசியும். ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது. தெரியாததை எப்படிக் கணக்கில் எழுதுவது? அதனால் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். கையால் ஓர் எண்ணை உள்ளே போட்டு, அளந்த விடையும் கணக்கு விடையும் ஒன்றாகும்வரை அதைக் கூட்டிக் குறைப்பாள். சமையல் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. அவள் பிரிவில் அந்த எண்ணுக்கு உப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. “டீச்சர், இன்னைக்கு உப்பு எவ்வளவு?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் அது பிளாஸ்மாவைப் பற்றிய கேள்வி.

உப்பு போடாமலேயே கணக்குச் சரியாக வர வேண்டும், கசிவுக்கான காரணத்தையே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த ஆசை.

கல்யாணமும் இந்த த்ரஸ்டரால் வந்ததுதான். பூமியில் த்ரஸ்டரைச் சோதிக்க வேண்டுமானால் காற்றில்லாத இடம் வேண்டும். அதற்காகப் பேருந்து நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. கதவை மூடி, பம்புகளைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை நாள் முழுக்க உறிஞ்சி எடுப்பார்கள். அதைக் கவனித்துக்கொண்ட பொறியாளருக்குத் தொட்டிக்காரர் என்று பெயர். இவள் கணக்கும் அவர் அளவும் முதல் சோதனையிலேயே ஒத்துப்போகவில்லை. “உங்க கம்ப்யூட்டர் நல்லாத்தான் சொல்லுது, த்ரஸ்டருக்குத்தான் அது கேக்கல” என்றார் அவர். இவள் பலகையில் படம் போட்டாள். அவர் கடைசிவரை ஓடாமல் உட்கார்ந்து கேட்டார். அப்படி ஓடாமல் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான் என்று கல்யாணத்தன்று அலுவலகத்தார் சொல்லிச் சிரித்தார்கள்.

பிள்ளைகள் இல்லை. அம்மா போன பிறகு அப்பா இவர்களோடு வந்துவிட்டார். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் வேலைக்காலம் பூராவும் லிஃப்ட் ஓட்டியவர். மகளும் மருமகனும் வானத்துக்கு ஏதோ அனுப்புகிறார்கள் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

அந்த ‘ஏதோ’ ஒருவழியாகப் புறப்பட்டது. ராக்கெட் பாதி உயரத்தில் விட்டுவிட, மீதி உயரத்தை மின்சார த்ரஸ்டராலேயே ஏறப்போகிற அவர்களுடைய முதல் செயற்கைக்கோள். ஏறி முடிக்க ஆறேழு மாதமாகும். த்ரஸ்டர் தொட்டிக்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிக் காட்டியிருந்தது. அந்த அளவுகளுக்கு ஏற்றபடி உப்பைச் சரிசெய்து, பயணம் முழுவதற்கும் தேய்மானம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தவள் டீச்சர்.

அப்பாவுக்குக் கிலோமீட்டர் கணக்குப் பிடிபடவில்லை. த்ரஸ்டர் ஏற வேண்டிய அந்த மீதி உயரத்தை ஐம்பது மாடியாக வைத்துக்கொண்டார். காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

“பாப்பா, இன்னைக்கு எத்தனாவது மாடி?”

“பதினொண்ணு தாண்டியாச்சுப்பா.”

“மெதுவாத்தான் போகுது. சரி, கதவு ஒழுங்கா சாத்தியிருந்தா போதும்.”

இருபதாவது மாடி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

ஓடுகிற த்ரஸ்டரின் மின்னோட்டம் ஒரே சீராக இருக்காது. ஏறி இறங்கி ஏறி இறங்கித் துடிக்கும். அந்தத் துறையில் அதை மூச்சு என்பார்கள். மேலேயிருந்து வந்த பதிவுகளில் அந்த மூச்சின் வேகம் தொட்டியில் பார்த்ததுபோல இல்லை என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான். கட்டுப்பாட்டு அறையில் சொன்னபோது, “உயிரோட இருக்கறது மூச்சு விடத்தானே செய்யும், டீச்சர்?” என்றார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து கணக்கைப் புதிதாக ஓட்டினாள். தொட்டியை எவ்வளவுதான் உறிஞ்சினாலும் கொஞ்சம் வாயு உள்ளே தங்கும். அந்த மிச்ச வாயுவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மேலே தெரிகிற மூச்சு வரும்வரை உப்பை மாற்றினாள். வந்தது. வந்தபோது பிளாஸ்மா இருந்த இடமே மாறியிருந்தது. தொட்டிக்குள் மிச்ச வாயு அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருந்திருக்கிறது. மேலே தள்ள ஆளில்லாமல் ஓர் அரிசி நீளத்துக்கு வெளியே வந்து நின்றது. அங்கே நின்றால் அயனிகளில் சில திரும்பி வந்து, நடுவிலிருக்கும் காந்தச் சுருளை மூடிய தகட்டில் விழும். நாளெல்லாம் விழும். தகடு ஓட்டையானால் சுருள் எரிந்து த்ரஸ்டர் நின்றுவிடும்; அது எப்போது என்றும் கணக்குப் போட்டாள். செயற்கைக்கோள் அப்போது முப்பத்தைந்தாவது மாடியில் இருக்கும்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். முப்பத்திரண்டு வந்தது, முப்பத்தெட்டு வந்தது. ஐம்பது வரவில்லை.

கணவரிடம்தான் முதலில் சொன்னாள். விடுமுறை நாள், கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தொட்டியில நல்லாத்தானே ஓடிச்சு?” என்றார் அவர்.

“தொட்டியில கொஞ்சம் வாயு இருந்துச்சுல்ல.”

“அதான் அளவுக்குள்ள இருந்துச்சே. நீயும்தானே பார்த்த.”

“பார்த்தேன். நானும் ஒத்துக்கிட்டேன்.”

அவர் ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அப்ப என் தொட்டி பொய் சொல்லிடுச்சுங்கற.”

“இல்லைங்க. தொட்டிக்குள்ள என்ன நடந்துச்சோ அதைத்தான் அது சொல்லிச்சு. மேலயும் அதேதான் நடக்கும்னு சொன்னது என் கணக்கு.”

அவர் எழுந்தார். மடித்த துணிகளை அலமாரியில் வைத்தார். அன்று சாயங்காலம் தனியாகக் கடைக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து, வாங்கப் போனதை வாங்காமலே திரும்பி வந்தார்.

திட்டத் தலைவர் நல்ல மனிதர்; கத்துகிறவர் இல்லை. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

“இது உறுதியா டீச்சர்?”

“உறுதின்னு சொல்ல முடியாது சார். அந்த எண்ணை நான் கையாலதான் போட்டிருக்கேன்.”

“முன்னாடி தாங்கும்னு சொன்னப்பவும் கையாலதானே போட்டீங்க?”

“ஆமா சார்.”

அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கேள்வியில் குத்தல் இல்லை; அதனால்தான் அவளுக்கு அதிகம் சுட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்க.”

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் அயனிகளின் அடி மெதுவாகும், தகடு கூடுதல் நாள் தாங்கும். ஆனால் தள்ளலும் குறையும், ஏற இன்னும் நாளாகும். செயற்கைக்கோள் போய்க்கொண்டிருந்ததோ கதிர்வீச்சு மிகுந்த பகுதியில். அங்கே தங்குகிற ஒவ்வொரு நாளும் அதன் சூரியத் தகடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகும். மின்சாரம் குறையும், மறுபடி தள்ளல் குறையும். எவ்வளவு குறைத்தால் இரண்டு பக்கமும் தாங்கும் என்று அவள் வாரக்கணக்கில் தேடினாள். உப்பு அவள் நினைத்ததைவிடக் கொஞ்சம் கம்மியாக இருந்தால் மட்டும், தட்டுத்தடுமாறி ஐம்பதைத் தொடும்படி ஓர் இடம் கிடைத்தது. உப்பு அப்படி இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அந்த அளவைத்தான் எழுதிக் கொடுத்தாள். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. காலையில் போனதும் சுருளின் வெப்பநிலையைப் பார்ப்பாள். நேற்றைவிடக் கூடியிருக்கும். கூடினாலும் கணக்கைவிடக் கம்மியாகக் கூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படி இருந்த நாளில் மதியம் ஒழுங்காகச் சாப்பிடுவாள். கணவர் தொட்டிக்குள் மாற்று த்ரஸ்டர் ஒன்றை வைத்து, இருக்கிற பம்பையெல்லாம் போட்டு, மிச்ச வாயுவை இன்னும் கொஞ்சம் குறைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் பிளாஸ்மா ஒரு மயிரிழை வெளியே வந்தது. அவள் சொன்னது சரி என்று அவருடைய தொட்டியே சாட்சி சொன்னது. அதை அவர் மூன்றே வரியில் எழுதி அனுப்பினார். வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

முப்பத்து மூன்றாவது மாடியில் முதல் த்ரஸ்டரின் சுருள் போனது. இதுவரை அதோடு மாறி மாறி ஓடித் தேய்ந்திருந்த இரண்டாவதை மட்டும் வைத்து ஏற்றினார்கள். அதுவும் அதே அச்சில் வார்த்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள், தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கப் போனாள். தையல்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“வாங்கம்மா, வாங்க. மேல போய்ச் சேர்ந்திருச்சாமே. அப்பா சொன்னாரு. ரொம்பச் சந்தோஷம்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு ரவிக்கையை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அப்பா வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?”

அப்பா முதலில் புரியாததுபோல் பார்த்தார். பிறகு வானொலியை அணைத்தார். “பார்க்கிறவனெல்லாம் கேக்கறான் பாப்பா. பூங்காவுல கேக்கறான், முடிவெட்டப் போனா கேக்கறான். தினமும் என்னத்தச் சொல்றது? அதான் போய்ச் சேர்ந்திருச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப யாரும் கேக்கறதில்ல.”

“போய்ச் சேரலன்னா?”

“அவனுங்க ஏறிப் பார்க்கவா போறானுங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அடங்கவில்லை. அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அதன்பிறகு அப்பா வீட்டிலும் மாடிக் கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டாவது சுருள் நாற்பதை எட்டுவதற்கு முன்பே நின்றது. மதிய வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த சாதாரண நேரம். வரைபடத்தில் ஒரு கோடு செங்குத்தாக விழுந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் திரும்பத் திரும்ப ஆணை அனுப்பிப் பார்த்தார்கள். நாள் முழுக்கப் பார்த்தார்கள், மறுநாளும் பார்த்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். செயற்கைக்கோளில் மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. கேட்டால் பதில் சொன்னது. அது நின்ற உயரத்தில் அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு மாதம் யோசித்து, ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர். வெளியிலிருந்து வந்த மூத்த நிபுணர் ஒருவர்தான் அதிகம் கேட்டார். அவர் கேள்வி எளிமையானது. குறை கணக்கிலா, சோதனையிலா? டீச்சர் எழுந்து நின்றாள். கசிவு என்றால் என்ன, அதற்கு ஏன் கையால் ஓர் எண் போட வேண்டியிருக்கிறது என்று தொடங்கினாள். கை பலகைப் பக்கம் போயிற்று.

“படம் வேண்டாம்மா. எதுல குறைன்னு மட்டும் சொல்லுங்க.”

அவள் கை அப்படியே நின்றது. எதில் என்று அவளுக்கே தெரியாது. யாரும் தப்புச் செய்யவில்லை. ஒருவருக்கும் தெரியாத ஒன்று நடுவில் இருந்தது. அதை எந்த வார்த்தையில் சொன்னாலும் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். 

பின்வரிசையிலிருந்து தொட்டிக்காரர் எழுந்தார்.

“குறை சோதனையில சார். என் தொட்டியில மிச்ச வாயு இருந்தது. அது பாதிக்காதுன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கணக்கு என் அளவை நம்பித்தான் போட்டது.”

நிபுணர் குறித்துக்கொண்டார். டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி நடக்கும்போதுதான் அவள் பேசினாள்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அது உண்மையில்லன்னு உங்களுக்கே தெரியும்.”

“பாதி உண்மைதானே.”

“பாதி என்னோடது. என் பாதியையும் சேர்த்து எதுக்கு எடுத்துக்கிட்டீங்க? நான் கேட்டேனா?”

அவர் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார். “நீ அங்க கையைத் தூக்கிக்கிட்டு நின்னியே. அதை என்னால பார்த்துக்கிட்டு உக்கார முடியல.”

நன்றி என்று ஒன்று வர வேண்டிய இடத்தில் அவளுக்கு, அவர் சொன்னது அவருடைய தொட்டிக்கே வினையாகுமோ என்ற பயம்தான் வந்தது. அந்தப் பயம் பலித்தது. குழுவின் முடிவில் சோதனைத் தொட்டி இந்த வேலைக்குத் தகுதியற்றது என்று ஒரு வரி இருந்தது. தகுதியாக்கப் புது பம்புகள் வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. இனி த்ரஸ்டரை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. தொட்டியை மின்கருவிகளைச் சூடேற்றிச் சோதிக்கிற பிரிவுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பம்புகளில் பாதியைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள். தொட்டிக்காரரைச் சரக்கு வாங்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே யாருக்கும் அவருடைய பழைய பெயர் தெரியாது. சார் என்று கூப்பிட்டார்கள்.

டீச்சரைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்க வைத்தார்கள். அவளுடைய கணக்கு பழைய கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. வகுப்பில்லாத நேரத்தில் போய் ஓட்டுவாள். மேலே போன த்ரஸ்டரின் பதிவுகள் எல்லாம் கையில் இருந்தன. உப்பே போடாமல், கசிவை அதன் காரணத்திலிருந்து கொண்டுவர ஒரு வழி தெரிவதுபோல் இருந்தது. வருடக்கணக்கில் உழைத்தாள். ஒரு நாள் மூச்சு, வெப்பம், தேய்மானம் மூன்றும் பதிவோடு அச்சாகப் பொருந்தி வந்தன. பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள், அவர் கைகொடுத்தார். மறுவாரம் அதே முறையில் வேறு அளவுள்ள பழைய த்ரஸ்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். விடை எங்கோ போய் நின்றது. ஒரு த்ரஸ்டருக்கு மட்டும் பொருந்துகிறதென்றால் அது காரணமே இல்லை. வேறு சட்டை போட்டு வந்த அதே உப்புதான். இதைக் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தாள். வந்தபோது அவர் அப்பாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டதுதான்.

இருவருக்கும் இப்போது வேறு வேறு கட்டடம், வேறு வேறு சாப்பாட்டு நேரம். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. அப்பாவின் கண்ணைப் பற்றிப் பேசுவார்கள், குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள். அலுவலகத்துக்கு ஒரே பேருந்தில்தான் போனார்கள். முன்பெல்லாம் அந்தப் பேருந்தில் இவர்கள் போடுகிற வாக்குவாதத்துக்கு முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று கேட்டார்.

“அந்தக் கணக்கு என்னாச்சு?”

“நிறுத்திட்டேன்.”

“எப்போ?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “தெரியலைங்க. ஒரு நாள் போகல. அப்புறம் அடுத்த நாளும் போகல.”

அவர் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“பால் தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வந்துடறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.